சார்ட்டம்மா கணினிக்கு எழுதிய சார்ட்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மூன்றாம் மாடி ஐயாவின் மகள் வேலைக்குக் கிளம்பிப் போனாள். பகலில் பார்த்துக்கொள்ளும் பெண் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவாள், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும், எப்போதும் அப்படித்தான். அன்றைக்கு யாரும் வரவில்லை. பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சாவி ஆணியிலேயே தொங்குவதைப் பார்த்து மகளுக்குப் போன் போட்டார். அதற்குள் ஐயா நாலு மணி நேரம் ஒரே பக்கமாக, நனைந்த துணியோடு படுத்துக் கிடந்துவிட்டார். இடுப்பில் ஆறிக்கொண்டு வந்த படுக்கைப்புண் மறுபடி சிவந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் நடந்திருக்கக் கூடாத விஷயம்.

வராத பெண் மேல் தப்பில்லை. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வாரத்துக்கான ஆள் பட்டியலில் மூன்றாம் மாடி ஐயாவின் வரியே விடுபட்டுப் போயிருந்தது. பட்டியலைப் போட்டவள் சார்ட்டம்மா. சனிக்கிழமை அவள் எல்லா வரியையும் எழுதித்தான் முடித்தாள். அனுப்பும் நேரத்தில் வீட்டுக் கணினி அப்படியே உறைந்து நின்றது. அணைத்துப் போட்டதும் பழைய பிரதி ஒன்று திரையில் வந்தது. அவசரத்தில் அதையே முழுசு என்று நினைத்து அனுப்பிவிட்டாள்.

சார்ட்டம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. பதினெட்டு வயதில் ஆஸ்பத்திரியில் கழிவுப் பாத்திரம் கழுவ வந்தவள், எட்டு வருடம் கழித்து உதவிச் செவிலியர் பயிற்சி முடித்து, ஆண்கள் அறுவை வார்டில் முப்பத்தொரு வருடம் நின்றாள். நின்றாள் என்பது சும்மா சொல்கிற பேச்சு இல்லை. அந்த வார்டில் உட்கார ஒரு ஸ்டூல்தான் உண்டு, அதிலும் எப்போதும் டாக்டரின் பை உட்கார்ந்திருக்கும். யார் எதைக் கேட்டாலும் "சார்ட்ல இருக்கா?" என்பாள். காய்ச்சல் எவ்வளவு, மூத்திரம் எவ்வளவு, எப்போது வாந்தி, எத்தனை தடவை, எல்லாம் தாளில் இருக்க வேண்டும், கையெழுத்தோடு. வார்டு சகவாசம் விட்டுப் பல வருடம் ஆகியும் பெயர் விடவில்லை.

ஓய்வு பெற்ற வருடமே வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்ட் அவர் கை பட்டது என்பார். கையும் காலும் போயின, நாக்கு தப்பித்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதிர்ஷ்டம் என்றார்கள். சார்ட்டம்மா அவசரப்பட்டு எதுவும் சொல்லவில்லை.

வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஓர் அலுவலகம் அவளிடம் வாராந்திரப் பட்டியல் போடும் வேலையைக் கொடுத்தது. பதினொரு நோயாளிகள், பதினான்கு பெண்கள். யார், எந்த வீடு, எந்த நாள், எத்தனை மணி. சாப்பாட்டு அறை மேஜையின் ஒரு பாதியில் கணினி, மறுபாதியில் தட்டு. பக்கத்தில் சக்கர நாற்காலியில் லிஃப்ட்காரர். எழுந்தால் சமையலறை, நாலு எட்டு வைத்தால் குளியலறை. வெளியே கால் வைக்காமல் பதினொரு படுக்கைகளை நடத்தினாள். அது இல்லாமல் இருக்க முடியாது என்றெல்லாம் அவள் வாயால் சொல்ல மாட்டாள். ஆனால் பட்டியல் கையை விட்டுப் போனால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு நோயாளி, அதுவும் வாயாடி.

திங்கட்கிழமை மாலை மேனேஜர் கூப்பிட்டார்.

"அம்மா, நான் உங்களைக் குறை சொல்லல..."

"குறை இருந்தா சொல்லுங்க சார். சுத்தி வளைக்க வேண்டாம்."

"அந்த மகள் மேலிடம் வரைக்கும் போயிட்டாங்கம்மா. வர்ற சனிக்கிழமை அஞ்சு மணிக்குப் பட்டியல் முழுசா வரணும். இன்னொரு தடவை உங்க சிஸ்டம் படுத்துச்சுன்னா, அந்த வேலையை ஆபீசோட வெச்சுக்கச் சொல்லிட்டாங்க. நீங்களே இங்க வந்து செய்யலாம், ஒன்பதுல இருந்து ஆறு வரைக்கும்."

ஒன்பதிலிருந்து ஆறு வரை லிஃப்ட்காரரை யார் தூக்கி உட்கார வைப்பார்கள், யார் குளியலறைக்குக் கொண்டு போவார்கள் என்பது மேனேஜருக்கும் தெரியும். வேலை போச்சு என்பதைத்தான் அவர் மரியாதையாகச் சொன்னார்.

"சரி சார். சனிக்கிழமை அஞ்சு மணி" என்று போனை வைத்தாள்.

லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்த இடத்தில் மேனேஜரைப் பற்றி நாலு வார்த்தை வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, கஞ்சி கொடுத்த பிறகு, சார்ட்டம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். நேரம், என்னென்ன திறந்திருக்கிறது, மெமரி சதவீதம், என்ன நடந்தது, கையெழுத்து. ஐந்து கட்டம். மேலே நோயாளி பெயர் எழுதும் இடத்தில் "கம்ப்யூட்டர், வயசு ஒன்பது" என்று எழுதினாள்.

"என்னது இது?" என்றார் லிஃப்ட்காரர்.

"சார்ட்."

"அதுக்குத் தெர்மாமீட்டர் எங்க வைப்ப? வாயிலயா?"

"அது பேசாத நோயாளிங்க. பேசாததுக்குத்தான் சார்ட் வேணும். பேசுறவங்க சொல்ற பாதி பொய்."

லிஃப்ட்காரர் மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

செவ்வாயும் புதனும் கால் மணிக்கு ஒரு தடவை எழுதினாள். மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் பக்கத்தை எப்படித் திறப்பது என்று அவளுக்குத் தெரியும், அலுவலகத்தில் ஒரு தடவை காட்டிக் கொடுத்திருந்தார்கள். பட்டியல் மட்டும் திறந்தால் எழுபது சதவீதம். பட்டியல் என்றால் வெறும் கட்டம் இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம், அதில் பெண்கள் அனுப்பும் புண்ணின் படங்கள், வாரா வாரம் வரிசையாக. அடுத்த முறைக்குப் போகிறவள் புண் எப்படி இருந்தது, இப்போது எப்படி என்று பார்க்கட்டும் என்று அவளே செய்த ஏற்பாடு. அத்தனை படமும் சேர்ந்து கோப்பு ஊதிப் போயிருந்தது. அதோடு மெயில் பக்கத்தைத் திறந்தால் எண்பத்தெட்டு. மூன்றாவதாக ஒரு நோயாளியின் வீட்டாரோடு வீடியோ கால் பேசினால் தொண்ணூற்றைந்து, உடனே "நினைவகம் போதவில்லை" என்று ஒரு பெட்டி, அடுத்த நிமிடம் உறைவு. ஐந்து தடவை உறைந்தது, ஐந்தும் ஒரே மாதிரி. மூன்றாவது ஆளைச் சேர்த்ததும்தான் விழுந்தது.

இதில்தான் அவளுக்கு ஒன்று உறுத்தியது. போன மாதமும் இதே மூன்றையும் திறந்துகொண்டுதான் வேலை பார்த்தாள். அப்போது மெதுவாக ஊர்ந்தது, திட்டிக்கொண்டே வேலை பார்த்தாள், ஆனால் விழவில்லை. நோயாளிக்குத் திடீரென்று ஏதோ ஆகியிருக்கிறது.

வியாழக்கிழமை கணினி ரிப்பேர்காரருக்குப் போன் போட்டாள். கடையில் ஏதோ திருகிக்கொண்டே பேசினார்.

"ரேம் கூடுதலா போட்டுடலாம்மா. ஆனா உங்க மாடலுக்கு வரவழைக்கணும், பத்து நாள் ஆகும்."

"எனக்குச் சனிக்கிழமை வரைக்கும்தான் இருக்கு."

"அப்ப விர்ச்சுவல் மெமரியைப் பார்ப்போம். அது என்னன்னா, ரேம் நிறைஞ்சுட்டா, உடனே தேவைப்படாததை எடுத்து டிஸ்க்குல ஒரு ஓரமா போட்டு வெச்சுக்கும். வேணும்னா திரும்ப எடுத்துக்கும். கொஞ்சம் மெதுவா இருக்கும், அவ்வளவுதான்."

"வார்டு நிறைஞ்சா வராண்டாவுல கட்டில் போடுற மாதிரி."

ரிப்பேர்காரர் திருகுவதை நிறுத்தினார். "அதேதான்மா. நான் இத்தனை வருஷமா மேஜை, அலமாரின்னு என்னென்னமோ சொல்லிட்டிருக்கேன்."

"வராண்டாவுல இருக்குற ஆளும் நம்ம ஆளுதான். போய் வர நேரமாகும். சரி, இதுல அந்த வராண்டா எங்க இருக்கு?"

சிஸ்டம், அதற்குள் அட்வான்ஸ்டு, அதற்குள் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மறுபடியும் ஒரு அட்வான்ஸ்டு என்று அவர் சொல்லச் சொல்லத் திறந்துகொண்டே போனாள். ஆபரேஷன் தியேட்டருக்குக்கூட இத்தனை கதவு கிடையாது. கடைசிக் கதவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி.

"பேஜிங் ஃபைல் வேண்டாம்னு போட்டிருக்குங்க. அதுக்கு நேரா புள்ளி இருக்கு."

"வேண்டாம்னா? அது தானா அப்படி வராதும்மா. யாரோ கையால மாத்தினாத்தான் உண்டு. வராண்டாவைப் பூட்டி வெச்சிருக்காங்க. சரி விடுங்க, இப்ப எழுதிக்குங்க. கஸ்டம் சைஸைத் தொட்டு, மேல நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு, கீழ எட்டாயிரத்து நூத்துத் தொண்ணூத்திரெண்டு போட்டு, செட் கொடுத்து ஓகே கொடுங்க. ரீஸ்டார்ட் கேட்கும். கொடுத்துடுங்க."

டாக்டர் போனில் மருந்து சொன்னால் நர்ஸ் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அது விதி. சார்ட்டம்மா திருப்பிச் சொன்னாள்: "மேல நாலு பூஜ்யம் ஒன்பது ஆறு. கீழ எட்டு ஒண்ணு ஒன்பது ரெண்டு."

"கரெக்ட்மா" என்று அவர் வைத்துவிட்டார்.

அவள் உடனே எண்களைப் போடவில்லை. "யாரோ கையால மாத்தினாத்தான் உண்டு" என்றது காதிலேயே நின்றது. இந்த வீட்டில் இருப்பது மொத்தம் மூன்று கை. இரண்டு அவளுடையவை.

போன் பக்கத்தில் வைத்திருக்கும் தேதிக் குறிப்பேட்டைப் புரட்டினாள். முதல் உறைவு போன வாரத்துக்கு முந்தின வியாழன். அதற்கு முந்தின நாள் புதன். புதனன்று பல் பிடுங்கப் போய்விட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். தன் நாற்காலியைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க. நான் பல்லைப் பிடுங்கிக்கிட்டு வந்த அன்னைக்கு இதுல என்ன பண்ணீங்க?"

"எதுல?"

"இடது கைக்கு அவ்வளவு பயிற்சி கொடுக்குறேன், எதுக்குன்னு நினைச்சீங்க?"

லிஃப்ட்காரர் கொஞ்ச நேரம் முகவாயைச் சொறிந்தார். அப்புறம், "வீடியோல ஒருத்தன் சொன்னான்" என்றார்.

"என்ன சொன்னான்?"

"அதை எடுத்துவிட்டா கம்ப்யூட்டர் பறக்கும்னான். நீதான் தினமும் இது ஊருது, இது ஊருதுன்னு அதைப் போட்டுத் திட்டிக்கிட்டிருந்த. லிஃப்ட்லயும் அப்படித்தான், வேண்டாத பாரத்தை இறக்கினா..."

"பறந்துச்சா?"

"அன்னைக்குச் சாயங்காலம் பறந்துச்சு. நீகூடச் சொன்ன, இன்னைக்கு என்னமோ நல்லா இருக்குன்னு."

சொன்னாள்தான். அது நினைவுக்கு வந்ததும் சார்ட்டம்மாவுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

"திங்கக்கிழமை மேனேஜர் பேசும்போது வாயில என்ன வெச்சிருந்தீங்க? அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கத்துவ."

"கத்தினா சீக்கிரம் முடிஞ்சிருக்கும். அந்த மனுஷன் நாலு மணி நேரம் ஈரத்துல கிடந்தார் தெரியுமா?"

"தெரியும்" என்றார். அவள் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நோயாளியின் உறவுக்காரர்களைத் திட்டிக்கொண்டே நிற்பதால் காய்ச்சல் இறங்காது என்பது அவளுக்குத் தெரியும்.

இரண்டு எண்களையும் போட்டாள். ஓகேயை அழுத்தினாள். பெட்டி மூடிக்கொண்டது. ரீஸ்டார்ட் எதையும் அது கேட்கவில்லை. பாதி முடித்த பட்டியல் திறந்திருந்ததால் அவளுக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. சார்ட்டில் எழுதினாள்: "3.10. 4096/8192 போடப்பட்டது. ரீஸ்டார்ட் கேட்கவில்லை." கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாவதாக வீடியோ காலைத் திறந்ததும் தொண்ணூற்றைந்தில் விழுந்தது.

அளவு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். அத்தனை கதவையும் மறுபடி திறந்து போய்ப் பார்த்தால், பெட்டியில் அவள் நேற்றுப் போட்ட எண்கள் இல்லை. கட்டங்கள் காலியாக இருந்தன, புள்ளி பழைய இடத்திலேயே இருந்தது. பாஸ்வேர்ட் போட்டால் மறைத்துக்கொள்கிறதே, அது மாதிரி இதையும் உள்ளே வாங்கி மறைத்துக்கொள்ளும் என்று தானாகவே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டாள். இரட்டிப்பாகப் போட்டாள். ஓகே. சார்ட்டில் எழுதிக் கையெழுத்து. மாலை மறுபடி விழுந்தது. சனிக்கிழமை காலை அதற்கும் இரட்டிப்பு, பதினாறாயிரத்துச் சொச்சம்.

"என்ன, குதிரைக்குப் போடுற டோஸா?" என்றார் லிஃப்ட்காரர்.

"நீங்க பேசாதீங்க."

வெள்ளிக்கிழமை விழுந்ததில் போனதையும் சேர்த்துக் காலையிலிருந்து அடித்து, சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் பட்டியல் முழுவதும் தயார், சேமிப்பதுதான் பாக்கி. பதினொரு பேர், ஏழு நாள். மூன்றாம் மாடி ஐயாவுக்குத் திங்களிலிருந்து நெட்டையைப் போட்டிருந்தாள். நெட்டை ஆறடிக்குப் பக்கம், ஒற்றை ஆளாகப் புரட்டிப் போடுவாள், நேரத்துக்கு வருவாள். அடுத்த வாரம் ஆள் உண்டா என்று கேட்க ஐயாவின் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். எடுக்காமல் இருக்க முடியாது, ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறவள். எடுத்தாள். மகள் வாயைத் திறந்த நிலையில் திரை உறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து கால் துண்டித்துக்கொண்டது, பட்டியல் மட்டும் மீண்டு வந்து மெல்ல அசைந்தது. சேமிக்கப் போனால் "நினைவகம் போதவில்லை, சேமிக்க முடியவில்லை." மெயிலை மூடிவிட்டு மறுபடி முயன்றாள். அதே பெட்டி.

மணி இரண்டு பத்து.

சார்ட்டம்மா சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு மருந்து மூன்று தடவை கொடுத்தும் வேலை செய்யவில்லை என்றால் நாலாவது தடவை கொடுக்கக் கூடாது. முதல் மூன்றும் உள்ளே போயிற்றா என்று பார்க்க வேண்டும். இதை எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சார்ட்டை எடுத்து மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எழுதிய நாளிலிருந்து அதை அவள் படித்ததே இல்லை, எழுதிக்கொண்டே போனாள், அவ்வளவுதான்.

"ரீஸ்டார்ட் கேட்கவில்லை." மூன்று இடத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது. ரிப்பேர்காரர் கேட்கும் என்றார். மூன்று தடவையும் கேட்கவில்லை.

அத்தனை கதவையும் மறுபடி திறந்தாள். இந்தத் தடவை தான் எண் போட்ட கட்டத்தைப் பார்க்காமல் பெட்டி முழுவதையும் படித்தாள். அடியில், சின்ன எழுத்தில், கணினி தன் பங்குக்கு ஒரு வரி எழுதி வைத்திருந்தது. தற்போது ஒதுக்கியது: பூஜ்யம் எம்பி. எண்கள் போடும் கட்டத்துக்குக் கீழே, ஓகேக்கு வெகு மேலே, "செட்" என்று ஒரு தனிப் பொத்தான் இருந்தது. அதை அவள் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

டிரிப் பாட்டிலை மாட்டி, ஊசியைக் குத்தி, சார்ட்டில் டிக் போட்டுவிட்டு, குழாயின் பூட்டைத் திறக்காமல் போய்விடுவது என்று ஒன்று உண்டு. பாட்டில் தொங்கும், குழாய் இருக்கும், சார்ட்டில் கையெழுத்து இருக்கும். ஒரு சொட்டுகூட உள்ளே போயிருக்காது. முப்பத்தொரு வருடத்தில் இரண்டு பெண்களை இதற்காக வார்டு நடுவில் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறாள். அதில் ஒருத்தி அழுதாள்.

"என்ன ஆச்சு? ஏன் இப்படி முழிக்கிற?"

"பூட்டைத் திறக்கலங்க. மூணு தடவையும் கையெழுத்து மட்டும்தான் போட்டிருக்கேன்."

"அப்ப நான் மட்டும் முட்டாள் இல்லை."

"நீங்க சீனியர்" என்றாள்.

இப்போது செட்டை அழுத்தினால் ரீஸ்டார்ட் கேட்கும். ரீஸ்டார்ட் செய்தால் சேமிக்காத பட்டியல் போய்விடும். செய்யாவிட்டால் சேமிக்கவே முடியாது. மணி இரண்டு இருபது.

"போன்ல படம் எடுத்து வெச்சுக்கோ" என்றார் லிஃப்ட்காரர்.

"அதைப் பார்த்து நான் டைப் அடிக்கவா? என் கண்ணுக்கு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். நீங்க திரையைப் பார்த்துப் படிங்க, நான் எழுதிக்கிறேன். கண்ணாடி போட்டுக்குங்க."

நாற்காலியைத் திரைக்கு நேராகத் தள்ளி, கண்ணாடியை மாட்டிவிட்டு, இடது கைக்கு எட்டுகிற மாதிரி சுட்டியை நகர்த்தி வைத்தாள். ஒரு நோயாளிக்கு ஒரு தாள் என்று பதினொரு தாள் எடுத்துக்கொண்டாள்.

"முதல் பக்கம். தையல்காரர் வீட்டு அம்மா. திங்கள், ஏழுல இருந்து மூணு, கண்ணாடிக்காரி. மூணுல இருந்து... இது என்ன, சிரிப்பா?"

"சிரிப்புதான். அவ பேர் அது. எதுக்கெடுத்தாலும் சிரிப்பா."

"நோயாளி வீட்டுலயுமா?"

"அங்கதான் வேணும். படிங்க."

"செவ்வாய், அதே. புதன், அதே."

"அதேன்னு சொல்லாதீங்க. பேரைச் சொல்லுங்க. அதே, அதேன்னு போனதாலதான் ஒரு வரி போச்சு."

அதற்கப்புறம் அவர் அதே என்று சொல்லவில்லை. ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததுக்குப் போக விரலை மெதுவாக, மாடிக்கும் லிஃப்ட் தளத்துக்கும் மட்டம் பார்க்கிறவர் போல, நகர்த்தினார். வேகமாக நகர்த்தினால் திரை மறுபடி உறைந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாலாவது பக்கத்தில் ஒரு புண்ணின் படம் பெரிதாக வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கீழே இருந்த கட்டத்தைப் படித்தார்.

"மூணாம் மாடி ஐயா" என்றவர் நிறுத்தினார்.

"சொல்லுங்க."

"திங்கள், ஏழுல இருந்து மூணு, நெட்டை. செவ்வாய், ஏழுல இருந்து மூணு, நெட்டை." ஏழு நாளையும் படித்துவிட்டு, அவள் கேட்காமலே முதலிலிருந்து மறுபடி ஒரு தடவை படித்தார். அவள் ஒவ்வொரு வரியாக டிக் போட்டாள்.

பதினோராவது தாள் முடிந்தபோது மணி மூன்று பத்து.

சார்ட்டம்மா பெட்டியைத் திறந்தாள். புள்ளியைக் கஸ்டம் சைஸுக்கு மாற்றி, நாலாயிரத்துத் தொண்ணூற்றாறும் எட்டாயிரத்துச் சொச்சமும் போட்டாள். விட்டுப்போன மூன்று டோஸையும் சேர்த்து ஒரேயடியாகக் கொடுக்கிற வழக்கம் எந்த வார்டிலும் கிடையாது. செட்டை அழுத்தினாள். காலியாக இருந்த மேல் வரியில் எண்கள் வந்து உட்கார்ந்தன. ஓகே. உடனே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று கேட்டது. பட்டியல், சேமிக்காமல் மூடவா என்று தன் பங்குக்குக் கேட்டது.

"மூடிடவா?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"தாள்ல இருக்குல்ல" என்றார் அவர்.

மூடினாள். திரை கறுத்தது. ஒன்பது வயதுக் கணினி எழுந்து உட்கார ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்த ஆறு நிமிடத்தில் அவரைக் குளியலறைக்குக் கொண்டு போய்விட்டு வந்தாள். சும்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பதால் யாரும் சீக்கிரம் கண் விழித்ததில்லை.

வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து அடி வரியைப் படித்தாள். தற்போது ஒதுக்கியது: 4096 எம்பி. சார்ட்டில் எழுதினாள். எழுதியதைப் படித்தாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

தாளைப் பார்த்துப் பட்டியலை மறுபடி அடித்தாள். பத்து வரிக்கு ஒரு தடவை சேமித்தாள். நாலு மணிக்கு ஐயாவின் மகளைத் தானே கூப்பிட்டாள். மெமரி தொண்ணூற்றாறு காட்டியது. படம் தயங்கித் தயங்கி வந்தது, ஒரு நொடி மகளின் வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போயின. விழவில்லை. வராண்டாவுக்குப் போய் வர நேரம் ஆகத்தான் செய்யும்.

"திங்கக்கிழமை ஆள் வருவாங்களா, இல்ல நான் லீவு போடணுமா?" என்றாள் மகள்.

"லீவு போட வேண்டாம்மா. வர்றவ பேர் நெட்டை. ஏழு அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போது உங்க கதவைத் தட்டுவா. அவ உள்ள வந்த பிறகு நீங்க கிளம்புங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம். இனிமே எல்லா வீட்டுலயும் அப்படித்தான்."

நாலு ஐம்பதுக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. ஐந்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார்.

"வந்துடுச்சும்மா, முழுசா இருக்கு. எண்ணிப் பார்த்துட்டேன். போன வாரம் ஏன் அப்படி ஆச்சுன்னு ரெண்டு வரி எழுதி அனுப்புங்க, ஃபைல்ல வெச்சுக்கணும். சிஸ்டம் கோளாறுன்னு போட்டாலே போதும், நான் மேல பேசிக்கிறேன்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சிஸ்டம் கோளாறு என்று எழுதிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள், வேலையும் வீட்டில் இருக்கும். உள்ளதை எழுதினால், வீட்டில் கண்டவர் கை படுகிற கணினியில் இந்த வேலையை வைத்திருக்கலாமா என்று மேலிடம் கேட்கும், கேட்பதும் நியாயம்தான். சார்ட்டம்மா விரல்களைச் சொடுக்கிவிட்டு அடித்தாள்:

"கணினியின் விர்ச்சுவல் மெமரியை என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டார். அதனால் பட்டியல் சேமிக்கப்படாமல் நின்றது. பழைய பிரதியை வரி எண்ணாமல் அனுப்பியது நான். பிறகு சரிசெய்தபோதும் முதல் மூன்று தடவை தவறாகச் செய்தேன். இப்போது சரியாக இருக்கிறது. அனுப்பும் முன் ஒவ்வொரு வாரமும் தாளில் ஒரு பிரதி எடுத்து வரி எண்ணுவேன். புண் படங்களைத் தனிக் கோப்பாகப் பிரிக்கிறேன்."

லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்துப் படித்தார்.

"என்னைப் போட்டுக் கொடுத்துட்டியே."

"பேர் போடலையே. வீட்டுக்காரர்னுதான் போட்டிருக்கேன்."

"உனக்கு எத்தனை வீட்டுக்காரர்? அவனுக்குத் தெரியாதா?"

"உங்க தப்பு ஒண்ணுதான், என் தப்பு ரெண்டு போட்டிருக்கேன். படிங்க நல்லா."

அனுப்பினாள். ஐந்தரை ஆகியும் பதில் வரவில்லை. ஆறுக்கும் வரவில்லை. அவள் அவருடைய வலது கையை எடுத்து விரல் விரலாக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள், தினமும் அந்த நேரத்துக்குச் செய்வது. அவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை. ஆறே காலுக்கு மேனேஜர் கூப்பிட்டார்.

"மேலிடத்துல காட்டினேன்மா. ரெண்டு தடவை படிச்சாங்க."

"சரி."

"வீட்டுலயே செய்யட்டும்னு சொல்லிட்டாங்க. மூணு மாசம் பார்ப்பாங்களாம். ஒரே ஒரு கண்டிஷன், அந்த கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்ட் போடணும். வேற யாருக்கும்... அதாவது..."

"புரியுது சார். இப்பவே போட்டுடுறேன்."

போனை வைத்துவிட்டு, அவர் கையைத் துடைத்து மடியில் வைத்துவிட்டு, கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள். பாஸ்வேர்ட் கேட்கும் கட்டம் வந்தது. கையை விசைப்பலகை மேல் வைத்தவள் அடிக்காமல் திரும்பினாள்.

"என்ன?" என்றார் லிஃப்ட்காரர்.

"அந்தப் பக்கம் பாருங்க."

"நாப்பது வருஷம் ஆச்சு நமக்குக் கல்யாணம் ஆகி."

"அதனாலதான் சொல்றேன்."

அவர் தன் இடது கையாலேயே சக்கரத்தைத் தள்ளி, நாற்காலியை முழுசாகச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சார்ட்டம்மா அடித்தாள், கேட்டபடி இரண்டாம் தடவையும் அடித்தாள், திரை ஏற்றுக்கொண்டதா என்று படித்துப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல. அப்படியே இருங்க, படங்களைப் பிரிச்சுட்டு வந்து திருப்பி விடுறேன்."